யோசனை நம்முடையது, கையெழுத்து அவருடையது

நம் சங்க விழாக்களில் பந்தி முடிந்து, வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், ஊர் நிலவரம், பிள்ளைகள் படிப்பு, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காத கதை எல்லாம் ஒரு சுற்று வந்தபின் பேச்சு எப்படியும் ஆபீசுக்குத் திரும்பிவிடும். அங்கே அடிக்கடி கேட்பது இரண்டு புகார்கள். "நான் சொன்ன யோசனையை அவன் தன் யோசனையாக மேலே சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டான்" என்பது ஒன்று. "ஏன் இப்படி என்று கேட்கப் போனால், தலையும் இல்லாத காலும் இல்லாத வாதம் பேசி என் வாயை அடைத்துவிட்டான்" என்பது மற்றொன்று. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வியாதி. பிறர் சரக்கைத் தன் கடையில் வைத்து விற்பவனுக்குக் கோணல் வாதமும் கைவசம் இருந்தே ஆகவேண்டும்.

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். முடிவுகள் மீட்டிங்கில் எடுக்கப்படுவதில்லை. அதற்கு முன்பே டீக்கடையில், நான்கு பேர் கூடிப் பேசும் அட்டாவில் எடுக்கப்படுகின்றன. அங்கே நம்மில் பலர் நிற்பதில்லை. நின்றாலும், நாம் தட்டுத்தடுமாறிச் சொன்ன ஒரு நல்ல யோசனையைப் பக்கத்தில் இருப்பவர் சரளமாக எடுத்துச் சொன்னால், கேட்பவர் மனதில் நிற்பது சரளமாகச் சொன்னவர் முகம்தான். அந்தக் காலத்தில் டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வேலை பார்த்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். துரை இரண்டு வார்த்தை சொல்வார், மீதி இருபது வரியை நம்மவர் சேர்ப்பார், கடிதம் துரையின் கையெழுத்தோடு போகும். அதை அவர்கள் திருட்டு என்று நினைத்ததில்லை. சம்பளத்துக்குள் அதுவும் அடக்கம் என்று இருந்துவிட்டார்கள்.

அதே டல்ஹௌசி சதுக்கத்தில் சிவப்பாக நீண்டு நிற்கும் ரைட்டர்ஸ் பில்டிங்கை நமக்கெல்லாம் தெரியும். 2013 வரை மாநில அரசின் தலைமைச் செயலகம் அங்கேதான் இருந்தது. உலகின் பல நாடுகளில் போலீசார் விரல் ரேகையை வகைப்படுத்திக் கோப்பில் வைத்துவந்த முறை இந்தக் கட்டடத்தில் பிறந்தது என்பதும், அதைப் பெற்றவர்கள் பெயர் அதற்கு வைக்கப்படவில்லை என்பதும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

1891-இல் எட்வர்ட் ஹென்றி வங்காளப் போலீசின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். அப்போது குற்றவாளிகளை அடையாளம் காண உடம்பின் அளவுகளை எடுத்து வைக்கும் பிரெஞ்சு முறை இருந்தது. அளப்பவர் கைக்குத் தகுந்தபடி அளவு மாறும். விரல் ரேகை மாறாது என்பது தெரிந்திருந்தது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858-லேயே ஒப்பந்தத்தில் கைரேகை வாங்கியிருந்தார், பிரான்சிஸ் கால்டன் 1892-இல் விரல் ரேகை பற்றி நூலே எழுதிவிட்டார். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகள் குவிந்தபின், பிடிபட்டவனுடைய சீட்டு எது என்று எப்படித் தேடுவது? பெயரை வைத்துத் தேடினால் அவன் வேறு பெயர் சொல்வான்.

இந்த இடத்தில்தான் அஜிஜுல் ஹக் வருகிறார். குல்னா மாவட்டத்துக்காரர், பிரசிடென்சி கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் படித்தவர், ஹென்றியிடம் சப் இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் செய்த ஏற்பாடு கேட்க எளிமையானது. பத்து விரல்களையும் இரண்டிரண்டாக ஐந்து ஜோடி ஆக்குங்கள். முதல் ஜோடியில் உள்ள விரலில் சுழி இருந்தால் 16, அடுத்த ஜோடியில் 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லாவிட்டால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்து மேலே எழுதுங்கள். ஒற்றைப்படை விரல்களின் தொகையோடு ஒன்றைச் சேர்த்துக் கீழே எழுதுங்கள். ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 1 முதல் 32 வரை, கீழே 1 முதல் 32 வரை. ஆக 1,024 அறைகள். மனிதன் எந்தப் பெயர் சொன்னால் என்ன, அவன் விரல்களே எந்த அறையில் தேடவேண்டும் என்று சொல்லிவிடும். இந்த அறைகளை மேலும் நுணுக்கமாகப் பிரிக்கவும், ரேகை விவரத்தைத் தந்தி மூலம் அனுப்பவும் வழி செய்தவர் அவருடைய சகா ஹேமசந்திர போஸ்.

1897-இல் இந்திய அரசு இம்முறையை ஏற்றது, கல்கத்தாவில் விரல் ரேகைக் காரியாலயம் தொடங்கியது. 1900-இல் ஹென்றி தம் பெயரில் நூல் வெளியிட்டார். 1901-இல் லண்டன் ஸ்காட்லாண்டு யார்டுக்குப் போனார், 1903-இல் அங்கே கமிஷனரே ஆனார். முறைக்கு ஹென்றி முறை என்று பெயர் நிலைத்தது. ஹக் இங்கேயே போலீஸ் வேலையில் இருந்தார்.

ஹென்றியைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் திறமையான அதிகாரி; ஆளைத் தேர்ந்தெடுத்தவர், வேலையைத் தொடங்கி வைத்தவர், அரசை இணங்க வைத்தவர். கீழே இருப்பவன் செய்தது மேலே இருப்பவனுடையது என்பது அன்றைய ஆபீஸ் தர்மம். ஆனால் ஹக் சும்மா இருக்கவில்லை. தம் உழைப்புக்கு அங்கீகாரமும் வெகுமதியும் கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தார். கான் சாகிப் பட்டம், பிறகு கான் பகதூர் பட்டம், ஐயாயிரம் ரூபாய், மோத்திஹாரியில் நிலம் என்று மெல்ல மெல்ல வந்தது. ஹேமசந்திர போசும் ராய் பகதூர் ஆனார், அவருக்கும் ஐயாயிரம் ரூபாய் கிடைத்தது. 1926-இல் ஹென்றியே, தம் ஊழியர்களில் வேறு எவரையும்விட ஹக் இம்முறைக்கு அதிகம் செய்தார் என்று லண்டனில் உள்ள இந்தியா ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் வருஷத்தைப் பாருங்கள்: 1897-க்கும் 1926-க்கும் இடையே 29 ஆண்டுகள். ஹக்கின் உரிமை அத்தனை நாளும் மேலதிகாரியின் ஞாபக சக்தியையும் பெருந்தன்மையையும் நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. 1897-இல் அவர் பெயரில், தேதியோடு, நான்கு பக்கம் அச்சில் வந்திருந்தால் இந்த விண்ணப்பங்களுக்கே வேலை இருந்திருக்காது. பிரிட்டனின் விரல் ரேகைச் சங்கம் இவர்கள் இருவர் பெயரிலும் ஒரு பரிசு ஏற்படுத்தியதெல்லாம் வெகு காலம் கழித்துத்தான்.

இங்கே நன்னூலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதினால் அதில் என்னென்ன சொல்லவேண்டும் என்று பவணந்தி முனிவர் ஒரு பட்டியல் தருகிறார். ஆக்கியவன் பெயருக்கு அடுத்தபடியாக அவர் கேட்பது 'வழி'. அதாவது, இந்தச் சரக்கு உனக்கு எங்கிருந்து வந்தது, எந்த நூலின் வழியில் வந்தது என்று சொல் என்கிறார். வழிநூல் செய்வது அவருக்குக் குற்றமே இல்லை; முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆபீசில் நடக்கும் திருட்டில் முக்கால்வாசி இந்த 'வழி' என்ற ஒரு வரியை விழுங்குவதுதான். "இதை முதலில் இன்னார் சொன்னார், நான் இதைச் சேர்த்தேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

சரி, தேதியோடு காகிதம் இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆச்சார்யா ஜகதீச சந்திர போஸ் 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது, ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம் இந்தியருக்கு ஒரு சம்பளம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தியவர். அப்படிப்பட்ட மனிதர் 1901-இல் லண்டனில் இருந்தார். மே மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவு. ஜூன் 6-ஆம் தேதி ராயல் சொசைட்டியில் செயல்முறை விளக்கம். தொட்டாற்சிணுங்கி மாதிரிச் செடிகள் மட்டும் அல்ல, சாதாரணச் செடிகளும் தூண்டினால் மின் துலக்கம் காட்டும் என்று கருவி வைத்துக் காட்டினார்.

அன்றைய உடலியல் மேதை சர் ஜான் பர்டன் சாண்டர்சன் எழுந்தார். போஸ் பௌதிகக்காரர், பௌதிகத்தோடு நிற்கவேண்டும், உடலியலாளர்களின் வட்டாரத்துக்குள் வரக்கூடாது என்றார். தாமே பல வருஷம் முயன்று பார்த்தும் சாதாரணச் செடிகளில் இது தமக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இருக்க முடியாது என்றார். கட்டுரைத் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். கூட்டத்தில் இருந்த அகஸ்டஸ் வாலர் என்ற மற்றோர் உடலியலாளரும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார். என் சோதனையில் பிழை காட்டுங்கள், மாற்றுகிறேன். காட்டாதவரை ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்பது போஸின் பதில். கட்டுரை அச்சேறாமல் சொசைட்டியின் பெட்டகத்தில் தூங்கியது.

அடுத்த வேடிக்கை 1902-இல். நண்பர்கள் சிலருடைய ஆதரவில் போஸ் லின்னியன் சொசைட்டியில் தம் கட்டுரையைக் கொண்டுவந்தார். அப்போது ஓர் ஆட்சேபம் வந்தது: இதில் புதிது என்ன இருக்கிறது, இதே முடிவை 1901 நவம்பரிலேயே வாலர் வெளியிட்டுவிட்டாரே! ஜூன் மாதத்தில் எதிர்த்தவர், நவம்பரில் அதையே தம் பெயரில் அச்சிட்டிருக்கிறார். போஸ் பத்திரிகைக்கு வசைக் கடிதம் எழுதவில்லை, மேடையில் கத்தவில்லை. விசாரியுங்கள் என்று மட்டும் கேட்டார். மே மாதச் சொற்பொழிவு அச்சில் இருந்தது. ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த கட்டுரையின் அச்சுப் படி தேதியோடு இருந்தது. இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்ததும் முன்னவர் யார் என்பதில் விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. லின்னியன் சொசைட்டி கட்டுரையை வெளியிட்டது.

இரண்டு கதைகளிலும் உழைப்பு ஒன்றுதான், திறமை ஒன்றுதான். ஒருவரிடம் காகிதம் இருந்தது, சில மாதங்களில் தீர்ந்தது. மற்றவரிடம் இல்லை, ஏறக்குறைய முப்பது வருஷம் ஆயிற்று.

பர்டன் சாண்டர்சன் பேசிய வாதத்துக்கு நம் மொழியில் பெயரே இருக்கிறது. மணிமேகலையைக் காதலும் துறவும் கலந்த கதை என்று படித்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதன் 29-ஆம் காதை முழுக்க முழுக்கத் தர்க்க பாடம். சொல்லவரும் முடிவு பக்கம், அதற்குக் காரணம் ஏது, அதற்கு உதாரணம் திட்டாந்தம். இவை மூன்றும் பார்வைக்குச் சரியாக இருந்து உள்ளே சொத்தையாக இருந்தால் போலி. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் சாத்தனார். "எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இல்லை" என்பது பச்சையான ஏதுப்போலி. நம் ஆபீஸ்களில் இது வேறு உடை உடுத்திக்கொண்டு வரும்: "இதெல்லாம் பதினைந்து வருஷம் முன்னாலேயே செய்து பார்த்தோம், சரிப்படவில்லை."

தர்க்கத்துக்கு வங்காளமும் தாய்வீடுதான். நவத்வீபத்துக்கு இஸ்கான் கோயில் பார்க்கப் போகும் வழியில் இறங்கிவருகிறோமே, அது ஒரு காலத்தில் நவ்ய நியாயத்தின் தலைநகர். அந்தச் சாஸ்திரம் மிதிலையிலிருந்து நவத்வீபத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. மிதிலைப் பண்டிதர்கள் ஏட்டைப் பிரதி எடுக்க விடமாட்டார்களாம். வாசுதேவ சார்வபௌமர் நூல் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினாராம். தர்க்க சாஸ்திரமே இப்படித்தான் வந்தது என்றால் சகாக்களைச் சொல்லி என்ன பயன் என்று சிரிக்கத் தோன்றுகிறது.

நியாய நூல்கள் பேச்சை மூன்றாகப் பிரிக்கின்றன. உண்மை தெரியப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல், எதிராளி சொன்னதை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. நாம் வீட்டில் பிள்ளைகளைத் திட்டும் விதண்டாவாதம் அங்கிருந்து வந்ததுதான். சொல்லைத் திரிப்பதற்குச் சலம் என்று தனிப்பெயர். பழைய உதாரணம் ஒன்று சொல்வார்கள். பையன் நவகம்பளம் போர்த்தி வந்திருக்கிறான், அதாவது புதுக் கம்பளி. எதிராளி கேட்பான்: "ஒன்பது கம்பளியா? ஒன்றுதானே தெரிகிறது?" நவ என்றால் புதிது, ஒன்பது இரண்டும்தானே! புது சாஃப்ட்வேரை அவசரப்பட்டு வாங்கவேண்டாம் என்று நாம் சொன்னால், "அப்படியானால் கம்பெனி முன்னேறவேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கிறவர் அந்தக் கம்பளிக்காரருடைய பேரன்தான்.

இந்த மூன்றில் எது நடக்கிறது என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். "என்ன காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். வாதத்துக்கு வந்தவர் ஏதாவது சொல்வார். விதண்டைக்கு வந்தவரிடம் பதில் இருக்காது, விஷயம் மாறும், அல்லது நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்ற ஆராய்ச்சி தொடங்கும். அத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். மீதியை எழுத்தில் கேட்கலாம். வாயால் வளைத்துப் பேசுகிறவர்கள் எழுத்தில் வளைக்கத் தயங்குவார்கள். போஸ் செய்ததும் அதுதானே. பிழையைக் காட்டுங்கள் என்ற ஒரே வாக்கியத்தில் நின்றார்.

ஆனால் எதிரே இருப்பவர் மிகப் பெரிய மனிதராக இருந்துவிட்டால் இதுவும் பலிக்காது. சுப்பிரமணியன் சந்திரசேகர் கதை நமக்குத் தெரிந்ததுதான். ராமனின் அண்ணன் மகன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறை உள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்கி முடிய முடியாது என்று கணக்கிட்டார். எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இவரும் எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். 1935 ஜனவரி 11-ஆம் தேதி ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும், அதே விஷயத்தில் எடிங்டன் பேசுவதாக நிகழ்ச்சி நிரல் சொன்னது. என்ன பேசப்போகிறேன் என்று அதுவரை அவர் மூச்சு விட்டதில்லை. எழுந்து, நட்சத்திரம் இவ்வளவு அசட்டுத்தனமாக நடந்துகொள்ள முடியாது, அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாகவேண்டும் என்ற தோரணையில் பேசினார். கூட்டம் சிரித்தது. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே கணக்கு தப்பு. அவ்வளவுதான் அந்த வாதத்தின் சாரம். இருபத்து நாலு வயதுப் பையன் என்ன செய்வான்? பாலி போன்ற பெரிய பௌதிக அறிஞர்களின் கருத்தைக் கேட்டார். நீ சொல்வதுதான் சரி என்று தனியாகச் சொன்னார்கள். வெளிப்படையாக எடிங்டனை மறுத்துப் பேச அவர்கள் முன்வரவில்லை. ஆபீஸ் அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது. லிஃப்டில் தோளைத் தட்டி "உங்கள் பக்கம்தான் நியாயம்" என்பவர்கள் மீட்டிங்கில் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. 1937-இல் அமெரிக்கா போனார், 1939-இல் தம் கணக்கு முழுவதையும் நூலாக எழுதி வைத்தார், வேறு துறைக்கு நகர்ந்துவிட்டார். எடிங்டனோடு நட்பையும் முறிக்கவில்லை. நோபல் பரிசு 1983-இல் வந்தது. எனக்கு இந்தக் கதையில் ஆறுதலைவிட வருத்தமே அதிகம். 48 வருஷம் காத்திரு என்று எந்தப் பிள்ளைக்கும் புத்தி சொல்ல என்னால் முடியாது. ஆனால் எழுதி வைத்துவிட்டு நகர்ந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். எழுதாமல் நகர்ந்திருந்தால் கணக்கு வேறு யாருடைய பெயரிலோ இருந்திருக்கும்.

சித்தப்பா ராமன் இந்த விஷயத்தில் வேறு ரகம். 1928 பிப்ரவரி 28 அன்று பவுபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் புதிய கதிரைப் பார்த்தார்; மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துவிட்டார். மார்ச் 16-இல் பெங்களூரில் சொற்பொழிவு, அதை உடனே அச்சிட்டு வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அதே சமயத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவரும் அதே விளைவைப் பார்த்திருந்தார்கள் என்பதும், அவர்கள் கட்டுரை சில மாதம் பிந்தியது என்பதும் தெரிந்தால் அந்த அவசரத்தின் அருமை புரியும். இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் ஒரே யோசனை வருவது உலகத்தில் சகஜம். நம் யோசனையைப்போல் ஒன்று எதிர் மேஜையில் கிடந்தால் அதெல்லாம் திருட்டு ஆகிவிடாது.

அந்த ஆய்வகத்தில் ராமனோடு உழைத்தவர் நம் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன். நோபல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. இந்தப் பத்திரிகையில் அதற்குத் தீர்ப்பு எழுத நான் முயலப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். 1928 மார்ச் 31 'நேச்சர்' இதழில் வந்த முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் இருந்தன. அந்தப் பிப்ரவரி மாதத்தில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதி வைத்தார். விவாதம் நடப்பதற்கே அந்த இரண்டும்தான் காரணம். கிருஷ்ணன் வாய் திறந்து ஒரு குறையும் சொன்னதாகத் தெரியவில்லை. தம் வேலையைப் பார்த்தார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், சுதந்திரத்துக்குப் பின் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

சட்டம் உதவாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஓரளவுக்குத்தான். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதி வடித்த வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு என்ன தெரியுமா? டில்லியில் ஆர். ஜி. ஆனந்த் என்பவர் எழுதிய நாடகத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராசிக் குடும்பமும் அண்டை வீட்டார், பிள்ளைகளுக்குள் காதல். பிறகு 1956-இல் வைஜயந்திமாலா நடித்த 'நியூ டெல்லி' படம் வந்தது. தம் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். கருவில் ஒற்றுமை உண்டு, ஆனால் இது நகல் அல்ல என்று கோர்ட் தள்ளிவிட்டது. வெளிமாநிலத் தமிழர் வாழ்க்கையே இப்படிச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது! ஆபீசில் வேலை நேரத்தில் நாம் எழுதுவது பொதுவாகக் கம்பெனிக்கே சொந்தம். ஆனாலும் எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தருகிறது. காப்புரிமை கம்பெனி பெயரில் இருந்தாலும் கண்டுபிடித்தவர் பெயரைக் குறிப்பிடக் கேட்க 28-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இவையெல்லாம் கோர்ட்டுக்குப் போக அல்ல; பேசும்போது முதுகெலும்பு நிமிர உதவும்.

சென்ற வருஷம் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண் வீட்டுக்கு வந்தாள். சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில் வேலை. இன்சூரன்ஸ் விண்ணப்பங்களில் காகிதம் குறைவாக இருப்பதைக் கடைசியில் பார்த்துத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, உள்ளே வரும்போதே பார்த்துவிடலாம் என்பது அவள் யோசனை. படம் போட்டு டீம் லீடரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் அதை வெளிநாட்டு அலுவலகத்துக்குத் தம் திட்டமாக விளக்கிவிட்டார்.

"மாமா, அப்படியே என் ஸ்லைடு. நான் தப்பா அடிச்ச ஒரு ஸ்பெல்லிங்கூட அப்படியே இருந்தது" என்றாள். "எல்லார் முன்னாலயும் எழுந்து கேட்டிருக்கணுமோ?"

"வேண்டாம்மா. முதல்ல தனியாக் கேளு. நீ கொடுத்ததுக்குத் தேதி இருக்கா?"

மெயில் இருந்தது. நல்லவேளை. அவரிடம் தனியாகப் போய்க் கேட்டபோது, அவரும் நம்மவர்தான், வங்காளி அல்ல, சொன்னாராம்: "டீம்னா எல்லாம் எல்லாருடையதும்தானே, இதுல உன்னுது என்னுது என்ன?" கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எல்லாருடையதும் என்றால் ஒருவர் பெயர் மட்டும் ஏன்? சாத்தனார் இருந்தால் இதற்கு ஓர் அறை ஒதுக்கியிருப்பார். இவள் கெட்டிக்காரி. "சரிதான் சார், அப்படின்னா அடுத்த தடவை முதல் பக்கத்துல எல்லார் பேரையும் போட்டுடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே, "காலையில் பேசியபடி" என்று தொடங்கி, தான் அனுப்பிய பழைய மெயிலையும் கீழே இணைத்து, டீம் முழுவதுக்கும் நான்கு வரி எழுதிவிட்டாள். குற்றச்சாட்டு ஒரு வார்த்தை இல்லை.

திருத்திய அறிக்கையில் நான்கு பெயர்கள் வந்தன. இவள் பெயர் மூன்றாவது. அகரவரிசையிலும் சேரவில்லை, உழைத்த வரிசையிலும் சேரவில்லை என்று அவளுக்குக் கோபம். ஆனால் அடுத்த மாதம் திட்டத்தில் ஒரு சந்தேகம் வந்தபோது, வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து கேள்வி நேரே இவளுக்குத்தான் வந்ததாம். பதில் எழுதி, டீம் லீடருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறாள்.